சேசுபாலனின் பழைய சட்டை

"இல்லை" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் எங்கள் கோயில் பங்கில் ஒருவரும் கிடையாது. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை என்று சொல்லிவிட்டால் மனுஷன் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவான். அவர் யாரையும் அப்படிப் போகவிட்டதில்லை. "பார்க்கலாம்மா" என்பார். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பார். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். கேட்க வந்தவர்கள் பாதி காரியம் முடிந்த மாதிரி சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், மறுநாளும் வருவார்கள். அவருக்கு வேண்டியது அந்த மறுநாள்தான் என்பது எனக்குப் புரியச் சில வருஷங்கள் ஆயின.

எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டோம். பிரெஞ்சு முறைப்படி அது தப்பு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மத்மசேல் என்று வேறு சொல் இருக்கிறது. ஆனால் ஐம்பதைத் தாண்டி, கண்ணாடி போட்டு, கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை அப்படிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை. அவரும் திருத்தியதில்லை. அவருடைய அப்பா வெள்ளைக்காரர் காலத்தில் கோர்ட்டில் பெரிய குமாஸ்தாவாக இருந்தவர். அண்ணன் சைகோன் போய் அங்கிருந்து பாரீசுக்குப் போய்விட்டார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த மாடி வீட்டில் மதாம் மட்டும் ஒரு வேலைக்காரியை வைத்துக்கொண்டு இருந்தார். வீட்டு முன்கட்டில் நீளமாக ஒரு மரப்பெஞ்சு கிடக்கும். அவரைப் பார்க்க வந்தவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அதில் உட்கார வேண்டும்.

உள்ளே வேலையாக இருக்கிறார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தையல் கற்றுக்கொள்ள என் அம்மா என்னை அங்கே அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு நாள் உள்ளறையில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள். மதாம் திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வேலையும் செய்யவில்லை. விசிறியைக்கூட ஆட்டவில்லை. வெளியே இருப்பவர் காலை மாற்றிப் போடுவதையும் பெருமூச்சு விடுவதையும் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல பாட்டு கேட்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"பசியான்ஸ், மா ஃபீய், பசியான்ஸ்" என்பது அவருடைய இன்னொரு பேச்சு. பொறுமை, மகளே, பொறுமை. பிரெஞ்சில் வேறு ஒரு வார்த்தையும் தெரியாத மீன்காரம்மாவுக்குக்கூட அந்தச் சொல் தெரிந்திருந்தது, எல்லாம் மதாம் புண்ணியம். அந்த மீன்காரம்மா தேங்காய்த்திட்டிலிருந்து வருவார். "மதாம், வஞ்சிரம் வந்திருக்குது" என்று வாசலில் குரல் கொடுப்பார். "இரும்மா, வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார். வெயில் ஏறும். வந்துட்டேன் என்று சொன்ன பிறகு அடுத்த வீட்டுக்குப் போவது மரியாதையாக இருக்காது. வெகு நேரம் கழித்து மதாம் வந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி, "அடடா, வாடிப்போச்சே" என்பார்.

"நீங்க வர்றதுக்குள்ள வாடிப்போச்சுங்க."

"நாளைக்கு நல்லதா எடுத்துட்டு வா. வாங்குனா உன்கிட்டதான் வாங்குவேன்."

நான் ஒரு தடவை மீன்காரம்மாவைத் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் கேட்டேன். "ஏங்க திரும்பத் திரும்ப வர்றீங்க? வேற வீடா இல்ல இந்த ஊர்ல?"

"உன்கிட்டதான் வாங்குவேன்னு சொல்றாங்களே பாப்பா. அந்த வார்த்தைய வுட்டுட்டு எப்பிடிப் போறது, சொல்லு" என்றார் அவர். மீன்காரம்மா மேல்தான் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரத்துக்கு எங்கள் கோயிலில் ஆகமன காலம் என்று பெயர். பீடத்துக்கு ஊதாத் துணி போட்டுவிடுவார்கள். பூ வைக்க மாட்டார்கள். ஆர்மோனியத்தை மூடி வைத்துவிடுவார்கள். சேசுநாதர் பிறப்புக்காக உலகம் காத்திருந்ததை நினைத்துக்கொண்டு நாமும் காத்திருக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைப்பார். வயதான வெள்ளைக்காரச் சாமியார். நல்ல மனுஷர். குடில், பாட்டு, ஜோடனை எல்லாவற்றையும் மதாமிடம் விட்டுவிட்டு, யார் எதைக் கேட்டாலும் "மதாமைக் கேளுங்க" என்று கையை விரித்துவிடுவார். ஆக, அந்த நாலு வாரமும் மதாமின் ராஜ்யம். கோயிலே காத்திருக்கச் சொல்லும்போது அவரைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

கோயிலில் இருந்த சேசுபாலன் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, வருஷா வருஷம் புதுச் சட்டை தைப்பதும் அவர்தான். துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய், ஆகமனம் தொடங்கியதும் சாட்டின் துணிகளைத் தூக்கிக்கொண்டு வருவார். மதாம் ஒவ்வொன்றையும் விரலில் தேய்த்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "பார்க்கலாம் பாய், நாளைக்கு வேற கொண்டுவாங்க" என்பார். பாய் மறுநாள் வேறு கொண்டுவருவார். கடைசியில் மதாம் முதல் நாள் கொண்டுவந்த துணியைத்தான் எடுப்பார், அதுவும் எல்லா வருஷமும். பாய் என்னிடம் ஒரு நாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க நோம்பு பொழுது சாஞ்சா முடிஞ்சுடும் பாப்பா. உங்க மதாம் வைக்கிற நோம்புதான் முடியவே மாட்டேங்குது." சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

எனக்கு அப்போது குரல் நன்றாக இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டவர்கள் சொல்வார்கள். திருநாள் பூசையில் எல்லோரும் நன்மை, அதாவது சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்கின பிறகு ஒரு பிரெஞ்சுப் பாட்டைத் தனியாக ஒருத்தி பாடுவது வழக்கம். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்திய மூவர்ணக் கொடி ஏறின வருஷம், மதாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் பாடப்போறே. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். வீட்டில் கொல்லைப்புறம் போய்த் துணியை வாயில் பொத்திக்கொண்டு பாடிப் பழகினேன். என் அம்மா பக்கத்து வீட்டில் கடன் வாங்கின சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டார். கோயிலுக்குப் போனால் இன்னும் இரண்டு பெண்கள் கழுத்தில் சங்கிலியும் தலையில் புதுச் சல்லா முக்காடுமாக நிற்கிறார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். மூன்று பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நேரம் வந்தபோது மதாம் ஆர்மோனியக்காரருக்குச் சைகை காட்டினார். அவர் பாட்டை வெறுமனே வாசித்து முடித்தார். மதாம் திரும்பி எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று வாசலில் என் தாடையைத் தொட்டுச் சொன்னார். அந்த விரலைக் கடித்திருக்க வேண்டும்.

அவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட ஒருவரும் இருந்தார். துறைமுகச் சுங்கத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து அந்தப் பெஞ்சில் உட்காருவார். என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதே உட்கார்ந்துகொண்டிருந்தாராம். நான் பார்க்கும்போது அவருக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. கொடி மாறியதும் சர்க்கார் மனிதர்கள் பலர் கப்பல் ஏறினார்கள். அவரும் டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்க வந்தார். உள்ளே தையல் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் நாங்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். "பார்க்கலாம்" என்றார் மதாம். கப்பல் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதாம் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெஞ்சு காலியாக இருந்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். எனக்குப் பாவமாக இல்லை. அன்றைக்கு அவர் இரண்டு தடவை எழுந்து வாசலை எட்டிப் பார்த்ததை நான் ரசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிற்பாடு அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியாக இருக்க விருப்பமா என்று சொல்லக் கெடு வைத்தார்கள். அதற்கும் அவர் பார்க்கலாம் என்றுதான் சொன்னாராம். அவருக்காகக் காத்திருக்காதது அந்தக் கெடு ஒன்றுதான். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின கதை.

சேசுபாலன் சுரூபம் பிரான்சிலிருந்து வந்தது. பிறந்த பிள்ளை அளவு இருக்கும். வருஷம் முழுக்கச் சட்டையோடு ஒரு பெட்டிக்குள் படுத்திருக்கும். திருநாளுக்கு முந்தின நாள் காலையில் பெட்டியைத் திறந்து, பழைய சட்டையைக் கழற்றி, பன்னீரால் துடைத்து, புதுச் சட்டை போடுவார்கள். கழற்றின பழைய சட்டையை அந்த ஆகமன காலத்தில் எங்கள் பங்கில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் போட்டுவிடுவது வழக்கம். சேசுபாலன் உடம்பில் ஒரு வருஷம் கிடந்த சட்டை, அதைப் போட்ட பிள்ளையை ஒரு நோயும் அண்டாது என்று பெண்கள் நம்பினார்கள். சாமியார் எந்தப் பிரசங்கத்திலும் அப்படிச் சொன்னதில்லை. அப்படியில்லை என்றும் சொன்னதில்லை. எந்தப் பிள்ளைக்கு என்று முடிவு செய்வதும், தன் மடியில் வைத்துப் போட்டுவிடுவதும் மதாம்.

கொடி மாறி இரண்டாவது வருஷம் ஆகமனத்தின் முதல் வாரத்தில் ரொசாலி அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. எங்கள் தெருதான். புருஷன் கப்பல் சாமான் இறக்குகிற படகில் வேலை செய்தார். ரொசாலி அக்கா ஒல்லியாக, உயரமாக இருப்பார். கோயிலில்கூடச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அதற்காகவே மதாமிடம் பேச்சு வாங்குவார். முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மாதம் திரும்புவதற்குள் செத்துப்போயின. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இப்போது மூன்றாவது. அதுவும் சரியாக ஆகமன காலத்தில். தெருவே அந்தச் சட்டை ரொசாலி பிள்ளைக்குத்தான் என்று பேசியது. மாதாவே நாள் பார்த்துக் கொடுத்த பிள்ளை என்றார் என் அம்மா.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கே ரொசாலி அக்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். மதாம் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வெளியே வந்து பிள்ளையின் முகத்துணியை விலக்கிப் பார்த்தார்.

"மதாம், அந்தச் சட்டைய எம்புள்ளைக்கு..."

"உன் பிள்ளைக்கு இல்லாம வேற யாருக்கும்மா" என்றார் மதாம். ரொசாலி அக்காவின் முகம் மலர்ந்தது. மதாம் அதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். "ஆனா, நொத்தேர் வீட்டுப் பொண்ணும் பிரசவத்துக்கு வந்திருக்கா. அவங்களும் கேக்குறாங்க. பார்க்கலாம்."

நொத்தேர் என்றால் பத்திரங்கள் எழுதிப் பதிகிற பெரிய மனுஷர். அந்த வீட்டில் அதே வாரம் பிறந்த பேத்தி கொழுகொழுவென்று இருந்தாள். அவளுக்கு எந்தச் சட்டையும் தேவையில்லை.

அதன் பிறகு ரொசாலி அக்கா தினமும் வந்தார். பிள்ளை பெற்ற உடம்போடு விடிகாலைப் பூசைக்கு வந்து, அங்கிருந்து நேரே மதாம் வீட்டுப் பெஞ்சுக்கு வந்துவிடுவார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதைச் செய் என்று மதாம் வேலை கொடுத்தார். குடிலுக்கு வைக்கோல் உதறினார். கடல் மணலைச் சலித்தார். குடிலில் பச்சையாக வைப்பதற்குத் தட்டுகளில் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளித்தார். பிள்ளை பெஞ்சின் மேல் பழம்புடவையில் சுற்றிக் கிடக்கும். உள்ளே நாங்கள் புதுச் சட்டைக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தோம். மற்ற வீடுகளில் பழத்தை ரம்மில் ஊறப்போட்டு, மாவு சலித்து, கிறிஸ்மஸ் வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது வாரம் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. பால் குடிக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். செய்வதையெல்லாம் செய்துவிட்டு, இனிமேல் கடவுள் விட்ட வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரொசாலி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே பெஞ்சுக்கு வந்தார்.

"மதாம், இன்னைக்கே குடுத்துடுங்க. உங்க கால்ல வுழறேன். ஒரு ராத்திரி போட்டுட்டுத் திருப்பிக்கூடக் குடுத்துடறேன்."

"பசியான்ஸ், மா ஃபீய்" என்றார் மதாம். "ஆகமன காலம்னா என்னா? காத்திருக்குற காலம். தேவமாதா காத்திருக்கலியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மதாம், புதுச் சட்டைதான் தச்சு முடிச்சாச்சே. பெட்டியத் தொறந்து மாத்திட்டா என்னாங்க?"

"புதுசு திருநாளுக்கு."

"அப்போ பழச மட்டும் எடுத்துக் குடுத்துடலாமே."

மதாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சேசுபாலனை வெறும் உடம்போட குளிர்ல போடச் சொல்றியா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. சுண்ணாம்பில் செய்த பிள்ளைக்குக் குளிரும் என்று உண்மையிலேயே நம்புகிறவர் மாதிரி கேட்டார். ரொசாலி அக்கா பதறிப்போய், "வேணாங்க, வேணாங்க, நான் காத்திருக்கிறேன்" என்றார். இப்படி ஒருத்தரை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதில்தான் மதாம் கெட்டிக்காரர்.

நான் சாமியாரிடம் போனேன். அவர் செபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. "பாவம், பாவம். மதாமைக் கேட்டியா?" என்றார்.

திருநாளுக்கு முந்தின நாள் வந்தது. விடிகாலைப் பூசை முடிந்து, கோயிலின் பக்க அறையில் நாங்கள் நாலைந்து பெண்கள் கூடினோம். பெட்டி அங்கேதான் இருந்தது. ரொசாலி அக்கா அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"குடிச்சானாக்கா?"

"நேத்துலருந்து வாய வெக்கல. மூச்சு இருக்குது, பாரு" என்று என் விரலைப் பிடித்துப் பிள்ளையின் மூக்கருகே வைத்தார். சன்னமாக, சூடாக மூச்சு வந்தது. "இன்னம் கொஞ்ச நேரம்தானே? போட்டுட்டாங்கன்னா சரியாப் போயிடும்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

உள்ளே மதாம் அவசரப்படவில்லை. முதலில் குடிலின் வைக்கோலைப் பார்த்தார். நட்சத்திரம் கோணலாக இருக்கிறது என்று இறக்கி மறுபடி கட்டச் சொன்னார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார். சட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். சுரூபத்தைப் பன்னீரால் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, புதுச் சட்டையைப் போட்டார். பழைய சட்டை மேசையில் கிடந்தது. என் கைக்கு எட்டும் தூரம்.

"ரொசாலியக்காவக் கூப்பிடட்டுங்களா?" என்றேன்.

"நொத்தேர் வீட்டுக்காரங்க வருவாங்களோ என்னமோ. பார்க்கலாம்."

அப்போது கூட இருந்த ஒரு பெண் சொன்னாள். "அவங்கதான் போன வாரமே பொண்ணையும் புள்ளையையும் காரைக்காலுக்கு அனுப்பிட்டாங்களே மதாம். சட்டை வேணாம்னு ஆள்கூட அனுப்பினாங்களே. நான்தானே வந்து உங்ககிட்ட சொன்னேன்?"

மதாம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆமாமா, சொன்னே" என்றார். "வெறும் வயித்தோட பூசைக்கு வந்தேன், தலை சுத்துது. போய் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்துடறேன்." எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தாழ்வாரத்தில் ரொசாலி அக்கா எழுந்திருக்கப் போனார். மதாம் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "உனக்குத்தான். வந்து போடறேன்" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

நான் மூடிய கதவைப் பார்த்தேன். உடைத்துவிடலாமா என்று தோன்றியது. தேக்குக் கதவு. கோயிலுக்குள் கடுதாசித் தோரணம் கட்ட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். போய் ஏணியில் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மதாம் திரும்பி வந்தபோது வெயில் தாழ்வாரம் வரைக்கும் வந்துவிட்டது. தலையைப் புதிதாகச் சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார். காப்பி குடித்த களை தெரிந்தது. கதவைத் திறந்து, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களையெல்லாம் சுற்றி நிற்கச் சொன்னார். "வாம்மா ரொசாலி. குடு பிள்ளைய."

ரொசாலி அக்கா வந்தார். நிதானமாக நடந்து வந்தார். முகத்துணி போட்ட பிள்ளையை மதாம் மடியில் வைத்தார்.

"தூங்குறானா?"

"ஆமாங்க."

மதாம் மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினார், நாங்கள் முடித்தோம். முகத்துணியை எடுக்காமலே சட்டையை முன்பக்கமாகப் பிள்ளை மேல் வைத்தார். ஒரு கையைச் சட்டைக் கைக்குள் விட்டார். அது துவண்டு வெளியே வந்தது. மறுபடியும் விட்டார். வந்தது. பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு முகத்துணியை விலக்கினார். பிள்ளை செத்திருந்தது.

நான்தான் கேட்டேன். "எப்போக்கா?"

"மதாம் காப்பி குடிக்கப் போனாங்களே, அப்போ" என்றார் ரொசாலி அக்கா. அவர் அழவில்லை.

மதாம் மடியை அசைக்கப் பயந்தவராக முதுகை நாற்காலியில் ஒட்டிக்கொண்டார். முகத்தில் போட்டிருந்த பவுடர் தனியாகத் தெரிந்தது. "எடு" என்றார். "எடுத்துக்கோ. சீக்கிரம் எடு. யாராவது எடுங்கடி, சீக்கிரம்." சீக்கிரம் என்ற சொல் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ரொசாலி அக்கா நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். காலை மடித்து, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மதாமை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னம் பொத்தான் போடலீங்களே" என்றார்.

சட்டையின் முதுகில் கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் சின்னச் சின்ன முத்துப் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் நூல் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். மதாம் எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பிள்ளையைக் குப்புறத் திருப்பி, போட ஆரம்பித்தார். ஒன்று மாட்டினால் இன்னொன்று கழன்றது. கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதைத் தள்ளிவிட அவருக்குக் கை இல்லை. நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை.